டியூப்லெஸ் டயரில் பஞ்சரா? முதலில் ஆணியைப் பிடுங்காதீர்கள்!

சென்ற ஆண்டு ஓர் இரவு, பத்து மணி இருக்கும். இராமநாதபுரத்திலிருந்து குடும்பத்தோடு ஸ்கூட்டரில் கீழக்கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். திருப்புல்லாணியைத் தாண்டியதும் பின்சக்கரம் லேசாக ஆடியது. இறங்கி செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், டயரில் ஓர் ஆணி. கோபத்தில் அதைப் பிடுங்கி எறிந்தோம். அவ்வளவுதான், 'புஸ்'ஸென்று காற்று முழுவதும் போய்விட்டது. குழந்தை தூக்கத்தில், இரு பக்கமும் கருவேலங்காடு, திறந்த கடை ஒன்றும் இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

ஆணியை விட்டுவைத்திருந்தால் மெதுவாக ஓட்டியே வீடு சேர்ந்திருக்கலாம் என்று மறுநாள்தான் தெரிந்தது.

டியூப் உள்ள டயரில் டியூப் ஓட்டையானால் காற்று ரிம்மின் துளைகள் வழியாக உடனே வெளியேறிவிடும். டியூப்லெஸ் டயரில் காற்றைத் தாங்குவது டயரேதான். அதன் உட்புறத்தில் காற்று புகாத பியூட்டைல் ரப்பர் படலம் இருக்கிறது. ஓரம் ரிம்மோடு இறுகி உட்கார்ந்திருக்கிறது. குத்திய ஆணியைச் சுற்றி ரப்பர் நெருக்கிப் பிடிப்பதால் ஆணியே துளைக்கு மூடியாகிவிடும். காற்று கசியும், ஆனால் மெல்லத்தான். நம் பகுதியில் ஆணியைவிடச் சீமைக் கருவேல முள்தான் அதிகம். அது ஒடிந்து உள்ளேயே தங்கிவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. தினமும் காலையில் காற்று குறைந்திருந்தால் முள்ளைச் சந்தேகியுங்கள்.

சரிசெய்யத் தேவையான கிட் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அரம் போல முறுக்கு வெட்டிய கம்பி ஒன்று, காதுள்ள ஊசிக் கம்பி ஒன்று, பிசுபிசுப்பான ரப்பர் ஸ்ட்ரிப்கள், சொல்யூஷன். இவற்றோடு ஒரு குறடும் காற்றடிக்கும் பம்பும் வேண்டும்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, துளை இருக்கும் இடம் கைக்கு வாகாக வரும்படி சக்கரத்தைத் திருப்புங்கள். ஆணியைப் பிடுங்குவதற்கு முன்பே காற்றடித்துவிடுவது நல்லது. டயர் விறைப்பாக இருந்தால்தான் கம்பி உள்ளே இறங்கும். தொய்ந்த டயரில் குத்தினால் டயர்தான் உள்வாங்கும். ஸ்ட்ரிப்பை ஊசியின் காதில் பாதி வரை கோத்து, சொல்யூஷன் தடவித் தயாராக வைத்துக்கொண்டு, பிறகு குறடால் ஆணியை இழுங்கள். ஆணி எந்தச் சாய்வில் வருகிறது என்று கவனியுங்கள். பலர் தவறுவது இங்கேதான். அரக் கம்பியை அதே சாய்வில்தான் செலுத்த வேண்டும். வேறு கோணத்தில் குத்தினால் புதிதாக ஒரு துளையைப் போட்டு, டயருக்குள் இருக்கும் நூலிழைகளையும் அறுத்துவிடுவோம். நாலைந்து முறை மேலும் கீழும் இழுத்தால் போதும். துளை சொரசொரப்பானால்தான் ஸ்ட்ரிப் ஒட்டும். கார் டயரில் எஃகுக் கம்பி இழைகளும் இருப்பதால் கை நன்றாகவே வலிக்கும்.

அரத்தை உருவியதும் ஊசியை அழுத்துங்கள். ஸ்ட்ரிப்பின் இரு முனைகளும் ஒரு சென்டிமீட்டர் அளவு வெளியே நிற்கும்போது நிறுத்தி, ஊசியைத் திருகாமல் நேராக வெடுக்கென்று உருவுங்கள். ஊசி வரும், ஸ்ட்ரிப் உள்ளே தங்கிவிடும். நீட்டியிருப்பதை மூன்று, நான்கு மில்லிமீட்டர் விட்டு வெட்டிவிட்டு, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குமிழி வராவிட்டால் வேலை முடிந்தது. எவ்வளவு காற்று என்பதை வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து அடியுங்கள், குத்துமதிப்பாக வேண்டாம்.

ஆனால் எல்லாத் துளையையும் இப்படி அடைக்கக் கூடாது. தரையில் படும் பட்டைப் பகுதியில், ஆறு மில்லிமீட்டருக்கு மிகாத துளைக்கு மட்டுமே இது பொருந்தும். டயரின் பக்கவாட்டில் குத்தியிருந்தால் கை வைக்காதீர்கள். அந்தப் பகுதி ஓடும்போது ஓயாமல் வளைந்து நிமிர்கிறது. ஸ்ட்ரிப் அங்கே நிற்காது. வேகத்தில் போகும்போது டயர் வெடித்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் கதி என்ன? 'ஒட்டித் தருகிறேன், ஒன்றும் ஆகாது' என்று சொல்லும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். புது டயருக்குச் செலவாகும்தான், மாற்றித்தான் ஆக வேண்டும். காற்றே இல்லாமல் வெகுதூரம் ஓட்டிய டயரும் உள்ளே சிதைந்திருக்கலாம். கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டையில் போட்ட ஸ்ட்ரிப்பும் அவசரத்துக்குத்தான். நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும் காருக்கு, டயரைக் கழற்றி உட்புறமிருந்து ஒட்டும் காளான் வடிவ பேட்ச்தான் முறையான வைத்தியம்.

இந்த வேலை தெரிந்திருந்தால் கடையிலும் ஏமாற மாட்டோம். ஒரு கடையில் நம் வண்டிக்கு நான்கு பஞ்சர் என்றார்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொன்னோம். குமிழி வந்தது ஒரே இடத்தில்!

கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டியூப்லெஸ் டயரோடு காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. புதிய கார்கள் சிலவற்றில் ஸ்டெப்னியே இருப்பதில்லை. டிக்கியைத் திறந்து இன்றே பாருங்கள். சொல்யூஷன் ட்யூப் ஒருமுறை திறந்தால் சில மாதங்களில் காய்ந்துவிடும். அதையும் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.