புதிய கணனியில் திறக்க மறுக்கும் பழைய கணக்குகள்

கடைக் கணனியை மாற்ற வேண்டிய நிலை இன்று நமது வர்த்தகர்கள் பலருக்கும் ஏற்பட்டுள்ளது. வின்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக் கொண்டது. வசதியுள்ளவர்கள் வின்டோஸ் 11 உள்ள கணனியை வாங்கலாம். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் இலவசமான லினக்ஸைப் போட்டுக் கொள்ளலாம். எதற்கு மாறினாலும் முதல் வாரத்திலேயே ஒரு பிரச்சினை வருவதுண்டு. பழைய கணனியிலிருந்து கொண்டு வந்த கோப்பைத் திறக்கப் போனால், இதை எதைக் கொண்டு திறப்பது என்று கணனி நம்மிடமே கேட்கிறது.

ஒரு புடவைக் கடையை எடுத்துக் கொள்வோம். மூன்று வருடக் கடன் நிலுவை முழுவதும் அந்த ஒரு கோப்பில்தான் இருக்கிறது. அது திறக்காவிட்டால், யார் எவ்வளவு தர வேண்டும் என்பதைக் கடனாளியிடமே கேட்க வேண்டி வரும். எனவே இது கணனி படித்த பிள்ளைகள் மட்டும் அறிந்திருக்க வேண்டிய விடயமல்ல. முதலாளியும் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒன்றை மனதில் கொள்ளுங்கள். திறக்காத கோப்பெல்லாம் பழுதான கோப்பு அல்ல. பெரும்பாலும் அதைத் திறக்கும் மென்பொருள் புதிய கணனியில் இல்லை என்பதே காரணம்.

பெயரின் கடைசி எழுத்துகள்

ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் கடைசியில் ஒரு புள்ளியும் சில ஆங்கில எழுத்துகளும் உண்டு. கோப்பு எந்த வகை என்பதை அவையே சொல்லும். வின்டோஸ் இவற்றைச் சாதாரணமாக மறைத்தே வைக்கிறது. வின்டோஸ் 11 இல் கோப்புகள் தெரியும் சாளரத்தின் மேலே 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை அழுத்தினால் அவை தெரியும்.

டொக், டொக்எக்ஸ் என்று முடிந்தால் அது கடிதம் போன்ற வேர்ட் கோப்பு. எக்ஸ்எல்எஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றால் எக்செல் கணக்கு. கடைசியில் எக்ஸ் சேர்ந்த வகைகள் ஒபிஸ் 2007 உடன் வந்தவை. பழைய எக்செல் கோப்பின் ஒரு தாளில் 65,536 வரிகள்தான் கொள்ளும். புதியதில் 10,48,576 வரிகள் கொள்ளும். இந்த நான்கு வகைகளையும் இலவச மென்பொருளான லிப்ரே ஒபிஸ் திறக்கும். முன்னர் பல கணனிகளுடன் சேர்ந்து வந்த மைக்ரோசொப்ட் வேர்க்ஸின் கடிதங்களையும் அது திறக்கும்.

சிலர் திறக்காத கோப்பின் கடைசி எழுத்துகளை மாற்றிப் பார்க்கிறார்கள். அரிசி மூட்டையில் சீனி என்று எழுதினால் உள்ளே இருப்பது சீனியாகி விடாது. உரிய மென்பொருளில் திறந்து, 'சேவ் அஸ்' மூலம் வேறு வகையாகச் சேமிப்பதே சரியான வழி.

கடைசி எழுத்துகள் இல்லாமலே ஒரு கோப்பு வந்தால், அதன் பிரதியொன்றை நோட்பேடில் திறந்து தொடக்கத்தைப் பாருங்கள். சதவீதக் குறியுடன் பிடிஎப் என்று இருந்தால் அது பிடிஎப் கோப்பு. பீ, கே என்ற இரு எழுத்துகளுடன் தொடங்கினால் அது சிப் கோப்பாகவோ புதிய வேர்ட், எக்செல் கோப்பாகவோ இருக்கலாம். பார்த்த பின் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

கணக்கு மென்பொருளின் கோப்புகள்

குவிக்புக்ஸ், டெலி போன்றவற்றின் கோப்புகளைப் பொதுவான மென்பொருள்களால் திறக்க முடியாது. அதே மென்பொருள் வேண்டும். புதிய பதிப்பு ஒருமுறை மாற்றிய கோப்பைப் பழைய பதிப்பு பெரும்பாலும் ஏற்காது. எனவே பிரதி எடுக்காமல் புதிய பதிப்பில் திறக்க வேண்டாம்.

பழைய கணனி இயங்கும்போதே கடன் நிலுவை, சரக்கிருப்பு, பேரேடு ஆகியவற்றை எக்செல்லாகவோ சீஎஸ்வி ஆகவோ வெளியே எடுங்கள். பிடிஎப் பிரதியொன்றும் எடுத்து வையுங்கள். சீஎஸ்வி வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் எந்தக் கணனியிலும் திறக்கும். ஆனால் அதை எக்செல்லில் நேரடியாகத் திறந்தால், தொலைபேசி இலக்கத்திலும் காசோலை இலக்கத்திலும் முன்னால் உள்ள பூச்சியம் போய்விடும். அந்த நிரல்களை 'டெக்ஸ்ட்' என்று குறித்து உள்ளே எடுக்க வேண்டும்.

தமிழ் கடிதங்கள்

கோப்பு திறந்தும் தமிழ் தெரியாமல் போவதுண்டு. நமது நாட்டில் நீண்ட காலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வந்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் 'தமிழ்' என்ற சொல், ஜே, கே, பீ, ஓ என்ற ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும். பாமினியை நிறுவினால் மீண்டும் தமிழாகும். தொடர்ந்து பயன்படும் கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றிக் கொள்வது நல்லது.

இரண்டு எச்சரிக்கைகள்

விலைப்பட்டியல் என்ற பெயரில் மின்னஞ்சலில் வரும் கோப்பின் நடுவில் பிடிஎப் என்றும் கடைசியில் ஈஎக்ஸ்ஈ என்றும் இருந்தால் திறக்கவே வேண்டாம். அது ஆவணமல்ல, கணனிக்குள் நுழைய வந்த நிரல். வின்டோஸ் கடைசி எழுத்துகளை மறைக்கும்போது அது சாதாரண பிடிஎப் போலவே தெரியும். அந்த எழுத்துகளைத் தெரியும்படி வைக்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, கோப்பை வேறு வகைக்கு மாற்றித் தரும் இலவச இணையத்தளங்கள் பல உண்டு. ஒரு விளம்பரப் படத்தை அனுப்பலாம். வாடிக்கையாளர் பெயர்களும் கடன் தொகைகளும் உள்ள கோப்பை அனுப்பினால், கடையின் இரகசியத்தை முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்ததாகும்.

ஆகவே புதிய கணனி வந்த அன்றே பழையதை விற்றுவிடாதீர்கள். ஒவ்வொரு வகையிலும் ஒரு கோப்பையாவது புதியதில் திறந்து, நிலுவைத் தொகைகள் இரண்டிலும் ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள். வெளி வன்தட்டொன்றில் இன்னொரு பிரதி எடுத்துக் கடைக்கு வெளியே வையுங்கள். ஒரு கணக்காண்டு முடிந்து ஐந்தொகை தயாரான பின், பழைய கணனியின் வன்தட்டை முழுமையாக அழித்துவிட்டு அதை விற்கலாம்.