அடுப்பங்கரையில் எது நஞ்சு?

தாய்மார்களே! "அஜினமோட்டோ போட்டால் முடி கொட்டும்", "அலுமினியப் பானையில் சமைத்தால் மூளை மழுங்கும்" என்று பக்கத்து வீட்டில் யாராவது சொன்னால் போதும். அன்றைக்கே பொட்டலமும் பானையும் குப்பைக்குப் போய்விடும். ஆனால் அதே வீட்டின் பின்கட்டில் ஆரஞ்சுப் பானப் போத்தலில் மண்ணெண்ணெய் இருக்கும். அதுவும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில்! பயப்பட வேண்டாததற்குப் பயம். பயப்பட வேண்டியதற்கு அலட்சியம். இது சரிதானா?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். விஞ்ஞானம் சொல்வதும் அதுதான். ஒரு பொருள் எவ்வளவு உடலுக்குள் போகிறது, எந்த வழியாகப் போகிறது, யாருடைய உடலுக்குள் போகிறது என்ற மூன்றையும் பார்த்தால் பாதிப் பயம் பறந்துவிடும்.

வீண் பயம்

அஜினமோட்டோவின் சுவைப் பொருளை 1908இல் ஜப்பானியப் பேராசிரியர் கிகுனாயே இக்கேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். அந்தச் சுவைக்குக் காரணமான குளூட்டமேட் தக்காளியிலும் இருக்கிறது, தாய்ப்பாலிலும் இருக்கிறது. ஒரு சிட்டிகையால் யாருக்கும் முடி கொட்டாது. ஆனால் உப்பைப் போலவே அதிலும் சோடியம் உண்டு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவைக் குறைத்துக்கொள்வது நல்லது.

அலுமினியப் பானையால் மறதி நோய் வரும் என்பதும் நிரூபிக்கப்பட்டதல்ல. புளிக்குழம்பை மட்டும் அதிலேயே இரவு முழுதும் வைக்காதீர்கள். புளிப்பு உலோகத்தைச் சிறிது அரிக்கும். வேறு பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் தீர்ந்தது.

குளோராக்ஸ் போன்ற வெளுக்கும் திரவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்து நல்ல தண்ணீர் கிடைக்காத நேரத்தில், 5 அல்லது 6 சதவீதமுள்ள, மணம் சேர்க்காத திரவத்தை ஒரு லிட்டர் தெளிந்த நீருக்கு 2 சொட்டு விட்டு, 30 நிமிடம் வைத்திருந்து குடிக்கலாம். அதே திரவத்தைக் கழிவறை கழுவும் ஆசிட்டோடு கலந்தாலோ குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். ரப்பர்ப்பால் உறையாமலிருக்க ஊற்றும் அம்மோனியாவோடு கலந்தாலும் நச்சுப்புகைதான். இரண்டைக் கலந்தால் இரட்டிப்புச் சுத்தம் என்று எண்ணாதீர்கள்!

நியாயமான பயம்

மண்ணெண்ணெயைக் குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு மேலே வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வயிற்றைவிட நுரையீரலில்தான் அது பெரிய கேடு செய்யும்.

துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையின் வாசனை பெரும்பாலான பெரியவர்களைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆனால் ஜி6பிடி குறைபாடுள்ள கைக்குழந்தைக்கு அந்த வாசனை ஏறிய துணியே இரத்த அணுக்களை உடைத்துக் கடும் மஞ்சட்காமாலையைக் கொண்டுவரலாம். நம் நாட்டு மருத்துவமனைகளில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். சோதனை முடிவைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் கொடியது புல்லுக்கு அடிக்கும் பாராகுவாட் மருந்து. ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போகலாம். அதற்கு மாற்று மருந்து கிடையாது. மலேசிய அரசு 2002இல் இதைத் தடுக்க முடிவு செய்து, 2006இல் அந்தத் தடையைத் தளர்த்தி, 2020 ஜனவரியிலிருந்து முற்றாகத் தடைசெய்தது. ஆனாலும் பழைய டின் எங்காவது மூலையில் கிடக்கலாம். மற்றப் புல் மருந்துகளும் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட்டும் விளையாட்டுப் பொருள்களல்ல. மீந்ததைப் பானப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் போத்தலின் படம்தான் எழுத்து. ஆரஞ்சுப் படம் போட்ட போத்தலில் ஆரஞ்சுத் தண்ணீர்தான் இருக்கும் என்று அது நம்பும். அதன் மேல் குற்றமில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

மருந்தும் எண்ணெயும் வாங்கிய போத்தலிலேயே இருக்கட்டும். அவற்றைப் பூட்டிய பெட்டியிலோ பிள்ளைக்கு எட்டாத உயரத்திலோ வையுங்கள். கண்ணில் பட்டால், ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். குடித்துவிட்டால், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அவசரத்துக்கு 999ஐ அழையுங்கள். குடித்த போத்தலையும் மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான வைத்தியம் செய்ய முடியும். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இயங்கும் தேசிய நச்சு மையமும் இதற்கு ஆலோசனை சொல்கிறது.

இன்று மாலை வேலை முடிந்து வந்ததும், தேநீர் குடித்துவிட்டுப் பின்கட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அஜினமோட்டோ அடுப்பங்கரையிலேயே இருக்கட்டும். பானப் போத்தலில் உள்ள மண்ணெண்ணெயை முதலில் இடம் மாற்றுங்கள்!