கடிவாயிலிருந்து மூளை வரை

கண்ணுக்கு எட்டாத உலகம் – 9

ரேபிஸ் வைரஸின் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை முதன்முறை பார்ப்பவர்கள் சற்றுத் திடுக்கிடுவார்கள். அச்சு அசலாகத் துப்பாக்கித் தோட்டா. ஒரு முனை உருண்டை, மறுமுனை தட்டை. நீளம் சுமார் 180 நானோமீட்டர், குறுக்களவு சுமார் 75. ஒரு மில்லிமீட்டர் நீளத்தை நிரப்ப வேண்டுமானால் இப்படி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்களை வால் தலையாக வரிசையில் வைக்க வேண்டும்.

போன வாரம் புகையிலைச் செடியின் வைரஸைப் பார்த்தோம். ஓர் ஆர்.என்.ஏ. இழை, அதைச் சுற்றி ஒரே வகைப் புரதம், அவ்வளவுதான் அதன் உடம்பு. ரேபிஸ் வைரஸ் அதைவிடக் கொஞ்சம் சிக்கலானது. ஆனாலும் அதன் மரபுச் செய்தி மொத்தம் சுமார் 12,000 எழுத்துகள்தான். நம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் செய்தி 300 கோடி எழுத்துகள். அந்தப் பன்னிரண்டாயிரத்தைக் கொண்டு இந்த வைரஸ் செய்துகொள்வது ஐந்தே புரதங்கள். இவ்வளவு சொற்ப முதலை வைத்துக்கொண்டு ஒரு முழு மனிதனைச் சாய்த்துவிடுகிறது. நோய்க்குறி தென்பட்ட பிறகு ரேபிஸிலிருந்து பிழைத்தவர்கள் உலகம் முழுவதிலுமே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

ஐந்து புரதங்களையும் உள்ளிருந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவோம். நடுவில் ஆர்.என்.ஏ. இழை. அது வெறுமையாக இருப்பதில்லை. நாரில் பூவை நெருக்கித் தொடுத்தாற்போல், ஒன்பது எழுத்துக்கு ஒன்று வீதம் ‘என்’ என்கிற புரதம் அதன் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட மணிகள். தொடுத்த இந்தச் சரம் இறுக்கமாகச் சுருண்டுதான் தோட்டாவின் உடம்பாகிறது. சுருளைக் குலையாமல் பிடித்து வைப்பது ‘எம்’ புரதம். செய்தியைப் படித்து நகலெடுப்பது ‘எல்’, அதற்குத் துணை ‘பி’. இவை எல்லாவற்றையும் போர்த்தியிருப்பது ஒரு கொழுப்பு உறை. அது வைரஸ் தானாகச் செய்துகொண்டதன்று; பிறந்து வெளியேறும்போது, தன்னை உருவாக்கிய செல்லின் சவ்விலிருந்தே கிள்ளிப் போர்த்திக்கொண்டது. அந்த உறையின் மேல், மும்மூன்றாகச் சேர்ந்து, நூற்றுக்கணக்கான முட்களாக நிற்பது ‘ஜி’ புரதம்.

இந்த ஜி முள்ளையும் கொழுப்பு உறையையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாய்க்கடிக்கு இன்று நாம் செய்யக்கூடிய எல்லாமே இந்த இரண்டையும் குறிவைத்துத்தான்.

இவற்றில் ஒன்றுகூடத் தெரியாமல்தான் 1885 ஜூலை 6 அன்று பாரிஸில் லூயி பாஸ்டர், ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தன் தடுப்பூசியைப் போட ஏற்பாடு செய்தார். அல்சாஸ் பகுதியிலிருந்து தாயோடு வந்த பையன்; வெறிநாய் பல இடங்களில் கடித்துக் குதறியிருந்தது. நோய்கண்ட முயலின் தண்டுவடத்தை உலர்த்தி வீரியம் குறைத்துத் தயாரித்த மருந்து, 13 ஊசிகள். பாஸ்டர் மருத்துவர் அல்லர் என்பதால் ஊசியைப் போட்டவர் கிராஞ்சே என்ற மருத்துவர். பையன் பிழைத்தான். நோய்க்கிருமியைப் பாஸ்டர் கடைசிவரை பார்க்கவில்லை. அன்றைய நுண்ணோக்கி எதிலும் அது தெரியாது. தோட்டா வடிவம் தெளிவானதே 1960-களில்தான். ஆனால் ஒரு விஷயத்தை அவர் சரியாகப் பிடித்திருந்தார்: கடித்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி இருக்கிறது, அந்த இடைவெளிக்குள் உடம்பைத் தயார்செய்துவிடலாம்.

அந்த இடைவெளி ஏன் இருக்கிறது? வைரஸ் அந்த நாள்களில் எங்கே இருக்கிறது? கதையின் நடுப்பகுதி இதுதான்.

நாயின் பல் கெண்டைக்காலில் இறங்குகிறது. உமிழ்நீரோடு வைரஸும் தசைக்குள் போகிறது. அங்கே சுற்றிலும் தசைச் செல்கள். நரம்பின் நுனிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில், ‘அசை’ என்ற கட்டளையை வாங்குவதற்காகத் தசை வைத்திருக்கும் ஏற்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. ஜி முள் அந்த ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லென்ஸ் குழுவினர் இதைக் கண்டுபிடித்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. கட்டுவிரியன் இனப் பாம்பின் நஞ்சு ஒன்றும் இதே ஏற்பியைத்தான் பிடிக்கிறது. வைரஸின் ஜி புரதத்தில் ஒரு துண்டு, பாம்பு நஞ்சுப் புரதத்தின் ஒரு துண்டைப் பெருமளவு ஒத்திருக்கிறது. பாம்புக்கும் வைரஸுக்கும் உறவு எதுவும் இல்லை. ஆனாலும் இருவரும் நுழையத் தேடிய வாசல் ஒன்று. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

வைரஸுக்கு அந்த ஓர் ஏற்பி மட்டும்தான் என்றில்லை. நரம்பு நுனியிலேயே இருக்கும் வேறு சில புரதங்களையும் ஜி முள் பிடிக்கும். எதைப் பிடித்தாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான். செல் தன் சவ்வை உள்பக்கமாகக் குழித்து, ஒட்டியிருக்கும் வைரஸைச் சிறு பைக்குள் வைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. செல் தன் உணவையும் செய்திகளையும் வாங்கிக்கொள்ளும் வழக்கமான முறை இது. வைரஸ் கதவை உடைப்பதில்லை. செல்லே வரவேற்று அழைத்துப் போகிறது.

நரம்பு நுனிக்குள் போய்ச் சேரும்வரை வைரஸ் வெளியில்தான் இருக்கிறது. நம் கைக்கு எட்டும் இடத்தில். ஓர் அரசு மருத்துவமனையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஏழெட்டு வயதுப் பையன், கெண்டைக்காலில் இரண்டு பல் பதிந்த கடிவாய். அதன் மேல் காப்பித்தூள் அப்பியிருந்தது.

“யாரும்மா காப்பித்தூள் வச்சது?” என்று கேட்டார் செவிலியர்.

“எங்க அத்தைதான் சிஸ்டர். ரத்தம் நிக்கும்னாங்க.”

“இனிமே என்ன கடிச்சாலும் முதல்ல குழாயடிக்குக் கூட்டிட்டுப் போங்க. வேற எதுவும் வைக்காதீங்க. தம்பி, கொஞ்சம் எரியும், பொறுத்துக்கோ கண்ணு.”

ஊசி அறைக்கு வெளியே ஒரு குழாய், சங்கிலி கட்டிய சோப்புப் பெட்டி. குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு நுரையைக் கடிவாய்க்குள் போகும்படி வழித்து வழித்துக் கழுவினார். கால்மணி நேரம் ஆயிற்று. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை. அந்தக் கால்மணி நேரம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 15 நிமிடக் கணக்கு. அது சடங்கன்று. சோப்பு கொழுப்பைக் கரைக்கும். ரேபிஸின் உறை கொழுப்பு. உறை கரைந்தால் அதில் ஊன்றி நிற்கும் முட்களும் போய்விடும். முள் இல்லாத தோட்டா எந்தச் செல்லையும் பிடிக்க முடியாது. போலியோ வைரஸுக்கு இப்படிக் கொழுப்பு உறை கிடையாது, அதனிடம் சோப்பின் இந்த வேலை பலிக்காது. ரேபிஸ் இவ்வளவு கொடியதாக இருந்தும் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு இளக்கம் காட்டுகிறது. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எல்லாம் உறையைக் கரைப்பதில்லை. புண்ணை அரித்து, கழுவுவதைத் தாமதப்படுத்துவதுதான் மிச்சம். கடிவாயை அவசரப்பட்டுத் தைக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது: ஊசியும் நூலும் வைரஸை இன்னும் ஆழத்துக்கு, இன்னும் பல நரம்பு நுனிகளுக்கு அருகில் கொண்டுபோகும்.

கழுவியும் மிஞ்சியவற்றுக்கு அடுத்த ஆயுதம் இம்யூனோகுளோபுலின். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடியென்றால், கடிவாயைச் சுற்றியும் உள்ளேயுமே அதைச் செலுத்துகிறார்கள். குழந்தைகள் அலறுவார்கள், பெற்றோர், “கையில போட்டா ஆகாதா டாக்டர்?” என்று கெஞ்சுவார்கள். ஆகாது. அது வேறு யாரோ ஒரு மனிதரின் அல்லது குதிரையின் ரத்தத்தில் ஏற்கெனவே உருவான எதிர்ப்புரதம். வைரஸ் இருக்கும் இடத்திலேயே போய் ஜி முட்களின் மேல் கவிந்து, அவற்றை மூட வேண்டும். தடுப்பூசியின் வேலை வேறு. அதில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். அதன் முட்களைக் காட்டி, எதிர்ப்புரதத்தை நம் உடம்பையே செய்ய வைக்கிறது. அதற்கு ஒன்று இரண்டு வாரம் பிடிக்கும். அந்த வாரங்களைக் காக்கத்தான் கடிவாயில் போடும் ஊசி.

நரம்பு நுனிக்குள் வைரஸ் போய்விட்டால் நிலைமை தலைகீழ். நரம்புச் செல்லின் உடல் தண்டுவடத்தில் இருக்கும். அதன் இழை கெண்டைக்கால் வரை நீண்டிருக்கும். அவ்வளவு நீள இழையில் பொருள்களைக் கொண்டுபோகச் செல்லுக்குள் தண்டவாளம்போல் நுண்குழல்கள் உண்டு. அவற்றின் மேல் சரக்கை மையத்தை நோக்கி இழுத்துப் போகும் டைனீன் என்ற புரதமும் உண்டு. வைரஸ், தான் நுழைந்த பைக்குள்ளேயே இருந்தபடி, பெரும்பாலும் உறையைக்கூடக் கலைக்காமல், அந்த டைனீனோடு போகிறது. ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர். காலில் கடித்தால் நாள் அதிகம், முகத்திலும் கழுத்திலும் கடித்தால் குறைவு. குழந்தைகளின் உயரம் நாயின் வாய்க்கு நேரே இருப்பதால் அவர்களுக்குத்தான் தலையிலும் முகத்திலும் கடி விழுகிறது. ரேபிஸால் இறப்பவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பயணத்தில் வைரஸ் நரம்புக்கு உள்ளே இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் எதிர்ப்புரதம் அதைத் தொட முடியாது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். “போன மாசம் கடிச்சது, ஒண்ணும் ஆகல” என்று கடைசி ஊசிக்குப் போகாமல் விட்டுவிடுபவர்களை நினைத்தால் எனக்குப் பதைக்கிறது.

செல்லின் உடலுக்கு வந்ததும் பைக்குள் அமிலம் ஏறுகிறது. ஜி முள் உருமாறி, தன் நுனியைப் பையின் சவ்வுக்குள் செருகி, வைரஸின் உறையையும் பையையும் ஒன்றாக்கிவிடுகிறது. தொடுத்த சரம் செல்லுக்குள் இறங்குகிறது. அந்தச் சரத்தை நம் செல்லால் நேரடியாகப் படிக்க முடியாது. அது எதிர்ப்படியாக எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் வைரஸ் தன் ‘எல்’ புரதத்தைக் கையோடு கொண்டுவந்தது. எல் அதைப் படியெடுக்க, நம் செல்லின் ரைபோசோம்கள் அந்தப் படிகளைப் பார்த்து வைரஸின் புரதங்களைச் செய்யத் தொடங்குகின்றன.

1903-ல் இத்தாலியின் பாவியா நகரில் அடெல்கி நெக்ரி, வெறிநாய்களின் மூளைச் செல்களுக்குள் உருண்டையான திட்டுகளைப் பார்த்தார். நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி அதுதான் என்று கருதினார். ஒட்டுண்ணி இல்லை என்றாலும் பல பத்தாண்டுகள் நோயை உறுதிசெய்ய அந்தத் திட்டுகளைத்தான் தேடினார்கள். அவை வைரஸின் உற்பத்திக் கூடங்கள் என்பது வெகுகாலம் கழித்தே புரிந்தது. 2017-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அவை திடப்பொருளே அல்ல, சவ்வு எதுவும் சுற்றாத திரவத் துளிகள் என்று காட்டினார்கள். வைரஸின் என், பி புரதங்களே கூடி அந்தத் துளியாகின்றன; அதற்குள் நகலெடுப்பு நடக்கிறது.

பெரும்பாலான வைரஸ்கள் செல்லை வெடிக்கவைத்து வெளியேறும் என்று நாம் நினைப்போம். ரேபிஸ் அப்படிச் செய்வதில்லை. நரம்புச் செல் செத்தால் அதன் பாதையே அறுந்துபோகும். எனவே செல்லை உயிரோடு வைத்திருக்கிறது. பி புரதத்தைக் கொண்டு செல்லின் அபாய அறிவிப்பை அமுக்குகிறது. அலுங்காமல் அடுத்த நரம்புச் செல்லுக்குத் தாவுகிறது. ரேபிஸால் இறந்தவரின் மூளையைப் பார்த்தால், நோயின் கொடுமைக்கு ஈடான சிதைவு அதில் தெரிவதில்லை. தாவுவதற்கும் ஜி முள்தான் தேவை. 2007-ல் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில், ஜி புரதத்தின் மரபணுவை நீக்கிய ரேபிஸ் வைரஸை எலி மூளைத் திசுவுக்குள் விட்டார்கள். குறித்த ஒரு நரம்புச் செல்லுக்கு மட்டும் ஜி புரதத்தைத் தனியே கொடுத்தார்கள். வைரஸ் அங்கிருந்து சரியாக ஒரு தாவல் தாவி, அதற்குச் செய்தி அனுப்பும் செல்களை அடைந்து நின்றுவிட்டது. மூளையில் எந்தச் செல் எதனோடு பேசுகிறது என்று வரைபடம் போட இன்று உலகெங்கும் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

இடையில் ஊசியைப் பற்றி ஒன்று. தமிழ்நாட்டில் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு நாய்க்கடி என்றதும் தொப்புளைச் சுற்றிப் போடும் 14 ஊசிகள்தான் நினைவுக்கு வரும். கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய, ஆட்டு மூளையில் வளர்த்த தடுப்பூசி அது. தென்னிந்தியாவில் நாய்க்கடிச் சிகிச்சைக்கென்று குன்னூரில் 1907-ல் பாஸ்டர் நிறுவனம் வந்தது. அதற்கு முன்பு சென்னை மாகாணத்தில் கடிபட்டவர் இமயமலைச் சரிவிலுள்ள கசௌலி வரை ரயிலேற வேண்டியிருந்தது. ஆட்டு மூளைத் திசுவே சிலருக்குப் பக்கவாதத்தைக் கொண்டுவந்ததால், 2004-ன் இறுதியோடு இந்தியா அந்த ஊசியை நிறுத்திவிட்டது. இப்போது இருப்பது செல் வளர்ப்பில் தயாராகும் ஊசி, கையில் போடுவது, வலி குறைவு. பழைய 14 ஊசிப் பயத்தில் இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

வைரஸின் பயணத்துக்குத் திரும்புவோம். மூளையை நிறைத்த பிறகு அது நரம்புகளின் வழியே மறுபடி வெளிப்பக்கம் இறங்குகிறது. முக்கியமாக உமிழ்நீர்ச் சுரப்பிக்கு. அங்கே கோடிக்கணக்கில் பெருகி உமிழ்நீரில் கலக்கிறது. அதே நேரத்தில் மூளையின் பாதிப்பால் விழுங்கும் தசைகள் கொடூரமாக இழுத்துக்கொள்கின்றன. மனிதருக்குத் தண்ணீரைக் கண்டாலே தொண்டை அடைக்கிறது. உமிழ்நீர் வாயிலேயே தேங்குகிறது. கோபமேறிய நாய் கடிக்கிறது.

கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வது இந்த வழித்தடத்தை வைத்துத்தான். நாயின் உமிழ்நீரில் வைரஸ் வந்துவிட்டது என்றால் அது ஏற்கெனவே மூளையைக் கடந்து வந்திருக்கிறது. அப்படிப்பட்ட நாய் பத்து நாளைத் தாண்டி நலமாக இருக்காது. பத்தாம் நாளும் ஓடியாடித் தின்றுகொண்டிருந்தால், கடித்த அன்று அதன் உமிழ்நீரில் வைரஸ் இல்லை. நாய்க்கும் பூனைக்கும்தான் இந்தக் கணக்கு. குரங்கு, நரி, கீரி கடித்தால் பொருந்தாது. ஊசியை அந்தப் பத்து நாளுக்குத் தள்ளிப் போடவும் கூடாது. கழுவுவதும் முதல் ஊசியும் கடிபட்ட அன்றே. நாய் நலமாக இருந்தால் மீதி ஊசிகளை என்ன செய்வது என்று மருத்துவர் பிறகு முடிவு செய்துகொள்வார்.

(தொடரும்)