ஒரு பிடியும் ஓர் ஆழாக்கும்

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னதாக, திருவான்மியூரில் மருந்தீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் அந்திவேளையில் நடந்து போகிறவர், எந்த வீட்டில் என்ன பட்சணம் தயாராகிறது என்பதை ஜன்னலை எட்டிப் பாராமலே சொல்லிவிடலாம். நெய்யில் கடலை மாவு பொங்கும் மணம் ஒரு வீட்டிலிருந்தும், வெல்லப் பாகில் ஏலக்காய் விழுந்த மணம் அடுத்த வீட்டிலிருந்தும் வரும். மூன்றாவது கட்டடம் அடுக்குமாடியாக இருந்தால், அதன் ஏதோ ஒரு மாடியிலிருந்து வெண்ணெயும் வெனிலாவும் சேர்ந்து வேகிற கேக்கின் மணம் இறங்கி வந்து, முன்னிரண்டோடும் சச்சரவில்லாமல் கலந்துகொள்ளும். மூன்று அடுப்பங்கரைகளிலும் யாரோ ஒருவர் நின்றுகொண்டு, "இன்னும் ஒரு நிமிஷம் விடலாமா, இப்போதே இறக்கிவிடலாமா?" என்று யோசித்துக்கொண்டிருப்பார். பாக சாஸ்திரத்தின் பெரும்பகுதி அந்த ஒரு நிமிஷத்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

என் அத்தை இந்த ஊருக்குக் குடிவந்த காலத்தில், கலாக்ஷேத்திரம் இங்கே இடம் மாறி வந்து (அது 1962-இல்) சில வருஷங்களே ஆகியிருந்தன; கோயிலையும் குப்பத்தையும் விட்டால் பெரும்பாலும் சவுக்கும் மணலுமாகவே கிடந்தது. அத்தையின் சமையலில் அளவு என்பது இரண்டே: ஒரு பிடி, ஒரு சிட்டிகை. கல்யாணமான புதிதில் என் மனைவி நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக அவர் பக்கத்தில் போய் நின்று, "அத்தை, புளி எவ்வளவு?" என்று கேட்டாள். "வேணுங்கற அளவு போடும்மா" என்று பதில் வந்தது. "உப்பு?" "அது கைக்கே தெரியும்." அன்றைய பக்கம் வெள்ளையாகவே மூடப்பட்டது. அத்தை எதையும் மறைத்தார் என்று சொல்ல மாட்டேன்; இருபத்தைந்து வருஷம் தினந்தோறும் இரண்டு வேளை சமைத்த கை, தனக்குத் தெரிந்ததை வாய்க்குச் சொல்லி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த மௌனத்தைக் கலைத்த பெருமை எஸ். மீனாட்சி அம்மாளுக்கு உரியது. இளம் வயதிலேயே கணவரை இழந்து சென்னையில் குடும்பப் பொறுப்பைத் தாங்கி வாழ்ந்த அந்த அம்மையார், தம் உறவினரான கே. வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் ஊக்கியதன் பேரில் எழுதி, 1951-இல் வெளியிட்ட நூலே 'சமைத்துப் பார்.' உத்தியோகத்தின் பொருட்டுக் குடும்பங்கள் டில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் சிதறிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அடுப்படியில் மாமியாரும் இல்லை, அண்டை வீட்டுப் பாட்டியின் பாஷையும் புரியவில்லை என்ற நிலையில், பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி சாம்பாரைத் தானே பொங்க வைத்துத் தானே இறக்க வேண்டியிருந்தது. அவளுக்கு மகாராஜாக்களின் விருந்தைச் சொல்லும் புஸ்தகத்தால் பிரயோஜனமில்லை. தஞ்சை மராட்டிய அரண்மனையின் சமையலைச் சொல்லும் 'சரபேந்திர பாக சாஸ்திரம்' சரஸ்வதி மகால் நூல்நிலையத்தின் சொத்தாக இன்றும் இருக்கிறது, படிக்க ரஸமானது, ஆனால் காலை எட்டரை மணிக்கு ஆபீசுக்குக் கிளம்புகிற புருஷனுக்கு அதை வைத்துக்கொண்டு சோறு போட முடியாது. மீனாட்சி அம்மாளோ ரசத்திலிருந்தும் கூட்டிலிருந்தும் தொடங்கி, பண்டிகைப் பட்சணம் வரைக்கும், இன்னதில் இவ்வளவு என்று எழுதினார். இன்றும் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் கடல் கடந்து போகிற பெண்ணின் பெட்டியில், பட்டுப் புடவைகளுக்கு நடுவே அந்தப் புஸ்தகத்தை வைத்து அனுப்பும் வழக்கம் நின்றபாடில்லை.

அளவு என்றால் எந்த அளவு? அந்நாளைய அடுப்பங்கரையில் ஆழாக்கு, உழக்கு, படி என்ற முகத்தல் ஒரு பக்கம். ரூபாய் எடை, பலம், வீசை என்ற நிறுத்தல் ஒரு பக்கம். 8 ஆழாக்கு ஒரு படி. 3 ரூபாய் எடை ஒரு பலம். 40 பலம் ஒரு வீசை, அதாவது இன்றைய கணக்கில் சுமார் 1.4 கிலோ. படியோ ஊருக்கு ஊர் வேறு. 1956-இல் சட்டம் வந்து, 1962-க்குள் கடைத் தராசுகள் கிராமுக்கு மாறிவிட்ட பிற்பாடும், அத்தை தம் பித்தளை ஆழாக்கைக் கைவிடவில்லை. அதில் பிசகும் இல்லை. நாலு ஆழாக்கு அரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்து என்னும்போது, ஆழாக்கு எத்தனை மில்லி என்ற கேள்வியே எழுவதில்லை. ஒரே பாத்திரத்தால் அளந்தால் போதும். மேல்நாட்டுப் பாட்டிமாரும் இதையே செய்தார்கள்: மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நான்கிலும் ஒவ்வொரு பவுண்டு எடுத்துக்கொண்டதால்தான் அவர்களுடைய கேக் ஒன்றுக்குப் 'பவுண்டு கேக்' என்றே பெயர் நிலைத்தது.

ஆனால் விகிதத்தை மட்டும் நம்பிச் சீடை செய்யப் புகுந்தவர், கோகுலாஷ்டமியன்று ஆபத்தை விலைக்கு வாங்குகிறார். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் உப்புச் சீடை வாணலியிலிருந்து புறப்பட்டு உத்தரத்தை அடித்தது. அத்தை முறத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு போய் அடுப்பை அணைத்தார். காரணம் லேசானது. எண்ணெயின் உஷ்ணம் 170 டிகிரி செல்ஸியஸை ஒட்டி இருக்கும். மாவுக்குள் இருக்கும் நீரோ 100 டிகிரியிலேயே ஆவியாகிறது. ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேலாக விரிகிறது. சீடையின் மேல்தோல் முதலில் இறுகிவிட்டால், உள்ளே பிறந்த ஆவிக்கு வெளியேற வழியில்லை. ஆகவே சுவரை இடித்துக்கொண்டு கிளம்புகிறது. மாவை வறுத்து நன்றாகச் சலி, அழுத்தி வழவழப்பாக உருட்டாதே, உருட்டியதைத் துணியில் பரப்பி ஆறவிடு, ஊசியால் ஒரு குத்துக் குத்து என்று பாட்டிகள் சொன்ன நாலு விதிகளும் அந்த ஆவிக்கு வாசல் வைக்கும் உபாயங்களே. காரணத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னதால், அவசரக்காரர்கள் அவற்றைச் சம்பிரதாயம் என்று தள்ளிவிட்டு, உத்தரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க நேர்ந்தது.

அதிரசம் இதற்கு நேர் விரோதம். சீடைக்கு ஈரம் சத்துரு. அதிரசத்துக்கு ஈரம் பிராணன். ஊறவைத்த பச்சரிசியை நிழலில் உலர்த்தி, கையில் எடுத்தால் ஒட்டாமலும், பிடித்தால் பிடியாகவும் இருக்கிற ஈரத்திலேயே இடிக்க வேண்டும். பாகு அதைவிட நுட்பம். வெல்லக் கரைசல் கொதிக்கக் கொதிக்க நீர் குறைந்து சர்க்கரை அடர்கிறது. அடர அடரக் கொதிநிலையும் ஏறுகிறது. 115 டிகிரியை ஒட்டிய கட்டத்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால், கரையாமல் திரண்டு, விரலுக்கு மெத்தென்று உருளும். அதுதான் பதம். முந்திவிட்டால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும். பிந்திவிட்டால் பல்லுக்குப் பரீட்சை. வெப்பமானி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் மேல்நாட்டு மிட்டாய்க்காரரும் குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டுத்தான் பார்த்தார் என்பதை அறிந்தபோது, எனக்கு அவரிடத்தில் ஒரு பந்துத்துவமே ஏற்பட்டது.

இனி கேக்குக்கு வருவோம். இட்லி வெள்ளையாகவும் தோசை பொன்னிறமாகவும் இருப்பதேன்? மாவு ஒன்றுதான். ஆவியில் வேகும் இட்லி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. காய்ந்த கல்லில் கிடக்கும் தோசை தாண்டிவிடுகிறது. சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் சர்க்கரையும் புரதமும் கூடிச் சிவந்து மணக்கின்றன. இந்த ரசாயனத்தை 1912-இல் விவரித்த பிரெஞ்சுக்காரர் மேயார் பெயராலேயே அதை இன்றும் வழங்குகிறார்கள். கேக்குக்கும் அந்தச் சிவப்பு வேண்டும். ஆகவே 170, 180 டிகிரி உலர்ந்த உஷ்ணம் வேண்டும். பிரஷர் குக்கரில் நீர் ஊற்றி மூடினால், எவ்வளவு விசில் அடித்தாலும் சுமார் 120 டிகிரியோடு நின்றுவிடும். அப்படியானால் ஓவன் இல்லாத 1980-களில் திருவான்மியூர்ப் பெண்கள் எப்படிக் கேக் சுட்டார்கள்?

மணலால் சுட்டார்கள். கடற்கரை மணலை எடுத்துவந்து, உப்புப் போகும்வரை அலசி, வெயிலில் உலர்த்திச் சலித்துக் குக்கரின் அடியில் இரண்டு விரற்கடை கனத்துக்குப் பரப்பி, ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, நடுவில் கேக் பாத்திரத்தை வைத்து மூடிவிடுவார்கள். நீர் இல்லாததால் உஷ்ணத்துக்குத் தடையில்லை. மணல் அதைத் தாங்கிச் சீராகப் பரப்பும். இதில் அவர்களுக்குப் புதுமை ஒன்றும் தோன்றவில்லை. வேர்க்கடலையையும் பொரியையும் சூட்டு மணலில் வறுப்பவனைத் தெருமுனையில் பார்த்து வளர்ந்தவர்கள்தாமே! மூடியில் கண்ணாடி பதித்த வட்ட அலுமினிய மின்சார ஓவன் பிறகு வந்தது. அதற்கும் பிறகு இப்போதைய மேஜை ஓவன்கள். எங்கள் வீட்டில் முதல் கேக் மணல் குக்கரில்தான் பிறந்தது. அடி கருகி, நடு குழிந்து, அபாரமான ருசியாக இருந்தது.

முட்டை கூடாத வீடுகளில் கேக் எப்படி எழும்பும் என்ற சங்கடத்துக்கு விடை சொன்னவர் பர்மிங்ஹாமில் இருந்த ஆல்பிரட் பேர்டு என்ற மருந்துக் கடைக்காரர். அவர் மனைவிக்கு முட்டையும் ஒவ்வாது, ஈஸ்டும் ஒவ்வாது. அந்த அம்மாளுக்காக 1837-இல் முட்டையில்லாத கஸ்டர்டு பொடியையும், 1843-இல் பேக்கிங் பவுடரையும் அவர் செய்தார். சோடா உப்பும் அமிலமும் ஈரத்தில் சந்தித்தால் வாயு பிறக்கும். அந்த வாயு மாவைத் தூக்கும். தயிரும் சோடா உப்பும் சேர்த்து இங்கே சுடுகிற முட்டையில்லாக் கேக்கும் அதே தத்துவத்தால்தான் எழும்புகிறது. ஒரு மனைவியின் வயிற்றுக் கோளாறுக்காகப் பிறந்த பொடி, மயிலாப்பூர் மாமிகளின் ஆசாரத்துக்கு இவ்வளவு அனுகூலமாக அமைந்ததை அவர் அறிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

விசேஷ நாளின் சாமர்த்தியம் சாதாரண நாளில்தான் விளைகிறது என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தினசரி ரசம் 'நுரை கட்டியதும்' இறக்கிப் பழகிய கண்ணுக்கே பாகு பதம் தெரியும். இட்லி மாவைக் கரைத்துவிட்டு, வைகாசிப் புழுக்கத்தில் ஆறு மணி நேரம் போதும், மார்கழிப் பனியில் விடிய விடிய வேண்டும் என்று கணிக்கிறவளுக்கு, ரொட்டி மாவு பொங்குவதைக் கவனிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. லண்டனிலும் டொராண்டோவிலும் உள்ள நம் மக்கள், குளிர்காலத்தில் இட்லி மாவை ஓவனுக்குள் வைத்து, அதன் விளக்கை மட்டும் ஏற்றிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். கேக் சுடுகிற பெட்டிக்குள் சென்னையின் ஒரு ராத்திரியை உண்டாக்கிக்கொள்கிறார்கள். குப்பத்து வீடுகளில் நேற்று வைத்த மீன் குழம்பு மண்சட்டியில் இன்று காலை அதிக ருசியாவதும் இதே பொறுமையின் வேறொரு பாடம்.

பட்சணம் தின்ற வயிற்றுக்குத் தீபாவளி மருந்தும் உண்டே! சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம் இவற்றை இடித்து, வெல்லத்திலும் நெய்யிலும் கிளறுகிற இந்த லேகியத்துக்கு, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டு டப்பா செட்டி கடையில் பண்டிகைக்கு முன் கூட்டம் நெரியும். அகஸ்தியருக்கு ஈசன் மருந்துகளின் குணத்தை உபதேசித்த தலம் என்று புராணம் சொல்லும் எங்கள் ஊரில் இருந்துகொண்டு, மருந்துச் சாமானுக்கு மயிலாப்பூர் போகிறோம் என்பது எனக்கு எப்போதும் ஒரு சிறு வெட்கம்.

கேக் பழக்கத்தால் எங்கள் வீட்டுக்குள் ஒரு சிறு மின்தராசு வந்து சேர்ந்தது. ஒரு கப் மைதா, அள்ளுகிற கையைப் பொறுத்து 120 கிராமாகவும் இருக்கும், 150 கிராமாகவும் இருக்கும். அந்த வித்தியாசத்தைக் கேக் மன்னிப்பதில்லை. தராசு வந்த அன்று, எண்பத்தைந்து வயதான அத்தையிடம் என் மனைவி அரிசி டப்பாவைக் கொண்டுபோய், "ஒரு பிடி எடுத்துப் போடுங்கோ, அத்தை" என்றாள். "என்னடி விளையாட்டு இது?" என்று அவர் போட்டார். 38 கிராம் காட்டியது. மறுபடி போடச் சொன்னோம்; 39. மூன்றாம் தடவை 38. பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, அந்த வெள்ளைப் பக்கத்தின் தலைப்பில் 'அத்தையின் பிடி: 38 கிராம்' என்று என் மனைவி எழுதினாள், அதன் கீழே இப்போது பதினொரு பதார்த்தங்கள் ஏறியிருக்கின்றன. வாசகர்களும் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் பிடியை, அவர்கள் இருக்கும்போதே, நிறுத்து எழுதி வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.