லைக்குக்குக் காசு கொடுத்தால் கூட்டம் நிற்குமா?

2016 ஜூலை 4 அன்று ஸ்டீமிட் என்ற புதிய தளம், தன்னில் எழுதியவர்களுக்கும் நல்ல பதிவு என்று வாக்களித்தவர்களுக்கும் முதன்முறையாகப் பணம் பிரித்துக் கொடுத்தது. நெட் ஸ்காட், டேன் லாரிமர் இருவரும் தொடங்கிய தளம் அது. அங்கே எழுதுவதெல்லாம் ஸ்டீம் என்ற பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் பகிர்ந்து வைக்கும் பொதுப் பேரேட்டில், பதிவாகும். மூன்று நொடிக்கு ஒரு புதிய பிளாக் சேரும். அதோடு புதிய நாணயங்களும் பிறக்கும். அவற்றில் ஒரு பங்கு எழுதியவருக்கு. நம் எழுத்தையும் படத்தையும் வைத்து விளம்பரம் விற்கிறார்களே, அந்தப் பணத்தில் நமக்குப் பங்கு வேண்டாமா என்ற கேள்வியிலிருந்து பிறந்த ஏற்பாடு இது. அந்தக் கேள்வி இன்றும் நியாயமானதுதான்.

நாணயத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நண்பர்கள் இல்லாத தளத்துக்கு யாரும் வரமாட்டார்கள். யாரும் வராதவரை நண்பர்களும் இருக்கமாட்டார்கள். புதிய சமூக ஊடகங்கள் பெரும்பாலும் மடிவது இந்த முடிச்சில்தான். முதலில் வருபவர்களுக்கு நாணயம் கொடுங்கள், கூட்டம் பெருகும்போது அதன் விலை ஏறும், வெறிச்சோடிய காலத்தில் வந்ததற்கு அது ஈடாகும் என்றார்கள் கிரிப்டோ ஆதரவாளர்கள்.

ஆட்கள் வந்தார்கள். எப்படிப்பட்டவர்கள் வந்தார்கள், வந்து என்ன செய்தார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஸ்டீமிட்டில் ஒருவரது வாக்கின் மதிப்பு, அவர் முடக்கி வைத்திருக்கும் நாணயத்தைப் பொறுத்தது. நிறைய வைத்திருப்பவர்களை அங்கே திமிங்கிலம் என்றே அழைத்தார்கள். ஒரு திமிங்கிலம் தட்டும் ஒரு வாக்கு, நூற்றுக்கணக்கான எளிய வாசகர்களின் வாக்கைவிட அதிகப் பணம் தரும். ஆகவே வாசகருக்காக எழுதுவதைவிடத் திமிங்கிலத்தின் கண்ணில் படுவது லாபமாயிற்று. பிறகு வாக்கை வாடகைக்கு விடும் பாட்கள் என்ற தானியங்கி நிரல்கள் முளைத்தன. பணம் கட்டினால் பதிவு மேலே போகும். நல்ல எழுத்தைத் தேடித் தர வேண்டிய பட்டியல், அதிகம் கட்டியவர்களின் பட்டியலாகிவிட்டது. 2018 ஜனவரித் தொடக்கத்தில் ஸ்டீம் நாணயம் 8 டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் விலை பெரிதும் சரிந்து, நவம்பரில் நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 70 சதவீதம் பேரை வேலையிலிருந்து நீக்கியது.

ஆசைக்குச் செய்வதில் பணம் நுழைந்ததும் ஆசை குறைவது உளவியலாளர்களுக்குப் பழகிய கதை. மார்க் லெப்பரும் இரு சகாக்களும் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஆசையுள்ள பாலர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம் மட்டும், வரைந்தால் பரிசுப் பத்திரம் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள், தரவும் செய்தார்கள். சில நாள் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை வைத்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைப்போல் ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். 1999-ல் எட்வர்ட் டெசி குழுவினர் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே போக்குத் தெரிந்தது. சமூக ஊடகத்தில் நாம் செய்வதில் பெரும்பகுதி ஆசைக்குச் செய்வது: பேரனின் படத்தைப் போடுகிறோம், கிரிக்கெட்டைப் பற்றிச் சண்டை போடுகிறோம். அதற்குக் கூலி பேசினால் அது வேலையாகிவிடுகிறது. கூலி குறைந்ததும் வேலையை விட்டுவிடத் தோன்றுகிறது.

ஃபிரெண்ட்.டெக் இன்னும் ஒரு படி மேலே போனது. 2023 ஆகஸ்ட்டில் வந்த இந்தச் செயலியில், ஒருவரது தனி அரட்டை அறைக்குள் நுழைய அவருடைய 'சாவி'யை வாங்க வேண்டியிருந்தது. சாவியின் விலைக்கு ஒரு சூத்திரம் இருந்தது: இதுவரை விற்ற சாவிகளின் எண்ணிக்கையை வர்க்கமாக்கி 16,000 ஆல் வகுத்தால் வருவது ஈதர் என்ற கிரிப்டோ நாணயக் கணக்கில் விலை. பத்துச் சாவி விற்றிருந்தால் அடுத்தது 0.00625 ஈதர், அன்றைய மதிப்பில் சுமார் 11 டாலர். நூறு விற்றிருந்தால் 0.625 ஈதர், ஆயிரம் டாலருக்கு மேல். ஆள் பத்து மடங்கானால் விலை நூறு மடங்கு. ஒவ்வொரு விற்பனையிலும் பத்து சதவீதக் கட்டணம் வேறு. அதில் பாதி அறையின் சொந்தக்காரருக்கு, பாதி தளத்துக்கு.

தொலைபேசியோ வாட்ஸ்அப்போ ஆள் சேரச் சேர எல்லோருக்கும் கூடுதல் பயன் தருகிறது. புதிதாக வருபவருக்குச் செலவும் கூடுவதில்லை. ஃபிரெண்ட்.டெக்கிலோ கூட்டம் சேரச் சேர நுழைவு விலை உயர்ந்துகொண்டே போனது. கடைசியில் வருபவர் அதிக விலை கொடுத்தால்தான் முதலில் வந்தவருக்கு லாபம். அந்தக் கடைசி ஆள்தான் நாம் 'பொதுமக்கள்' என்று சொல்பவர். அவரை வெளியே நிறுத்தும் கணக்கை அடித்தளத்திலேயே எழுதி வைத்துவிட்டு, அவர் ஏன் வரவில்லை என்று கேட்பதில் பொருளில்லை. 2024 மே மாதம் அந்தத் தளம் சொந்த நாணயமும் வெளியிட்டுப் பார்த்தது. செப்டம்பரில் அதை உருவாக்கியவர்கள் தளத்தை இயக்கும் ஒப்பந்த நிரல்களின் கட்டுப்பாட்டை யாருக்கும் சொந்தமில்லாத முகவரிக்கு மாற்றியபோது கூட்டம் ஏற்கெனவே கலைந்திருந்தது.

சாதாரண ஆட்கள் திரளாக வந்த இடங்களும் உண்டு. ரெடிட் 2022 ஜூலையில் தன் பயனாளர்களுக்கு முகப்பு உருவங்களை விற்கத் தொடங்கியது. அவை பாலிகன் என்ற பிளாக்செயினில் பதிவாகும் டிஜிட்டல் உடைமைகள், அதாவது என்எஃப்டிகள்தான். ஆனால் விற்பனைப் பக்கத்தில் அந்தச் சொல்லே இருக்கவில்லை. வங்கி கார்டில் வாங்க முடிந்தது. விலை டாலரில் தெளிவாக இருந்தது. அக்டோபருக்குள் சுமார் முப்பது லட்சம் கிரிப்டோ வாலட்கள் திறக்கப்பட்டன. ஸ்டீமிட்டிலோ கணக்குத் தொடங்கவே அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. நீண்ட கடவுச்சொல்லைத் தொலைத்தால் எங்களாலும் மீட்டுத் தர முடியாது என்று முதலிலேயே எச்சரித்தார்கள். மாதம் ஒருமுறை கடவுச்சொல்லை மறக்கும் உலகத்திடம் இதைக் கேட்பது அதிகம்.

நாணயமே இல்லாமலும் கூட்டம் வரும். 2024 ஆகஸ்ட் 30 அன்று பிரேசில் உச்ச நீதிமன்ற நீதிபதி அலெஷாண்ட்ரி ஜி மொராயிஸ் எக்ஸ் தளத்தை முடக்க உத்தரவிட்டார். ஒரு வாரத்துக்குள் புளூஸ்கை என்ற போட்டித் தளத்துக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புதியவர்கள் வந்தார்கள். அங்கே நாணயம் கிடையாது. தெருவே காலி செய்து கிளம்பும்போது எந்த வீட்டுக்கும் தனியாக ஆசை காட்ட வேண்டியதில்லை. அதே ஆண்டு அக்டோபரில் கிரிப்டோவில் முதலீடு செய்யும் பிளாக்செயின் கேப்பிடல் நிறுவனத்திடமிருந்து பணம் பெற்றபோதுகூட, டோக்கன்களைப் புகுத்தித் தளத்தைப் பணமயமாக்கமாட்டோம் என்று புளூஸ்கை அறிவித்தது.

பணமே காரணம் இல்லை என்று சொல்ல வரவில்லை. 2018-ல் வெனிசுவேலாவின் பணவீக்கம், அந்நாட்டு மத்திய வங்கிக் கணக்குப்படியே, 1,30,060 சதவீதம். சம்பளம் கைக்கு வருவதற்குள் கரைந்த அந்த நாட்டிலிருந்து ஏராளமானோர் ஸ்டீமிட்டில் எழுதினார்கள். வாரம் சில டாலர் என்றாலும் அது வீட்டுக்கு அரிசி. 2020 பிப்ரவரியில் ட்ரான் என்ற இன்னொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட்டை வாங்கினார். மார்ச் தொடக்கத்தில், வாடிக்கையாளர்கள் நம்பி வைத்திருந்த நாணயங்களைக் கொண்டே பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள், ஸ்டீமை யார் நடத்துவது என்ற வாக்கெடுப்பில் அவருக்குச் சாதகமாக வாக்களித்தன. அதை ஏற்காதவர்கள் மார்ச் 20 அன்று பதிவுகள் அனைத்தையும் நகலெடுத்துக்கொண்டு ஹைவ் என்ற தனி பிளாக்செயினுக்குப் பிரிந்து போனார்கள். வெனிசுவேலர்கள் பலரும் அவர்களோடு போனார்கள். விலை ஏறி இறங்கும் ஹைவ் நாணயத்தோடு, ஒரு டாலரை ஒட்டியே நிற்கும்படி அமைத்த எச்பிடி என்ற நாணயமும் அங்கே உண்டு. வெனிசுவேலாவின் குமானா நகரில் சில கடைக்காரர்கள் பொருளுக்கு விலையாக எச்பிடியை வாங்கிக்கொள்கிறார்கள்.