மாற்றிய முழங்கால் எவ்வளவு மடங்கும்?

செயற்கை மூட்டு பொருத்திய முழங்கால் கடைசியில் எத்தனை டிகிரி மடங்கும் என்பதை அறுவைக்கு முன்பே ஓரளவு சொல்லிவிடலாம். முதல் அடையாளம், அந்தக் கால் அதுவரை எவ்வளவு மடங்கியது என்பது. நன்றாக மடங்கிய கால் கொஞ்சம் இழக்கும். விறைத்த கால் கொஞ்சம் பெறும். ஆனாலும் விறைத்த கால் மற்றதை எட்டிப் பிடிப்பது அரிது. வலியைப் பொறுத்துக்கொண்டு அறுவையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் பலர் இந்தக் கணக்கைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

சமதரையில் நடக்க 70 டிகிரி போதும். நாற்காலியிலிருந்து எழ 90 முதல் 105 வரை வேண்டும். குத்துக்காலிட்டு உட்கார 130ஐத் தாண்ட வேண்டும். மாற்றிய மூட்டுகள் பெரும்பாலும் 110, 120 அளவில் நின்றுவிடுகின்றன.

இன்னொரு கணிப்பு அறுவை மேசையிலேயே கிடைக்கிறது. மூட்டைப் பொருத்தி, மூட்டுறையைத் தைத்து முடித்ததும், தொடையைச் செங்குத்தாக நிமிர்த்திக் காலைப் பிடியிலிருந்து விடுவார்கள். கெண்டைக்கால் தன் எடையாலேயே கீழே மடங்கி ஓரிடத்தில் நிற்கும். அந்தக் கோணம் பல மாதம் கழித்து நோயாளி எட்டும் கோணத்தை நெருங்கியிருப்பதாக 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மயக்கத்தில் இருப்பவருக்கு வலியும் இல்லை, பயமும் இல்லை. இறுக்கித் தைத்த ரவிக்கைக் கை மடங்காததுபோல, முன்தொடைத் தசையும் மூட்டுறையும் இடம் கொடுக்கும் அளவே தெரிகிறது. கையால் அழுத்திப் பார்த்தால் கோணம் கூடும். அந்தக் கூடுதலை நம்ப முடியாது.

இந்தக் கணிப்பில் அடங்காதவை வீக்கம், தழும்பு, பயிற்சி. வீட்டார் அன்போடு முழங்காலுக்கு அடியில் வைக்கும் தலையணைதான் பெரிய தொல்லை. கால் இதமாக மடங்கிக் கிடக்கும். நாளடைவில் முழுதாக நீளாது. சில டிகிரி மடக்கம் குறைந்தாலும் நடக்கலாம், நீளாத காலோ ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசையைக் களைக்க வைக்கும். தலையணை வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் வைக்கலாம். படுத்திருக்கையில் காலைத் தானே மடக்கி நீட்டும் மின்கருவியால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

சில வாரங்களாகியும் 90 டிகிரி வராவிட்டால் மயக்கம் கொடுத்துக் கையால் மடக்கிவிடுவார்கள். இதைப் பெரும்பாலும் முதல் 3 மாதங்களுக்குள் செய்கிறார்கள். தழும்பு முதிர்ந்துவிட்டால் அதை வெட்டி நீக்க மறுபடி அறுவை தேவைப்படலாம்.