குளிர் பொறாக் கனிகள்

வடபுலத்தில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் தை மாதந்தோறும் ஒரு குறை எழுவதுண்டு. "வாழைக்காயைத் தாராக வாங்கி வைத்தோம், பழுக்கவுமில்லை, தோல் மட்டும் சாம்பல் பூத்துக் கறுத்துவிட்டது" என்பர். கடைக்காரர்மீது பழி சுமத்துதல் எளிது. ஆயினும் குற்றம் பெரும்பாலும் குளிருடையதே.

குளிர் எதனையும் காக்கும் என்பது நம்மிடை வேரூன்றிவிட்ட எண்ணம். ஆப்பிளுக்கு அது பொருந்தும். 0 டிகிரியை ஒட்டிய குளிரில் அது மாதக்கணக்கில் கெடாதிருக்கும். வாழையும் மாவுமோ வெப்ப நாட்டுப் பிறவிகள். வாழைக்காய்க்கு 13 டிகிரி செல்சியஸ் அளவே எல்லை. கப்பல்களிலும் கிடங்குகளிலும் அதனை 13, 14 டிகிரியிலேயே வைக்கின்றனர். மாங்காய்க்கு எல்லை ஏறத்தாழ 10 முதல் 13 டிகிரி வரை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியோ 4 டிகிரி அளவில் இயங்குவது. தில்லியின் தை மாத இரவும் அதற்கு அதிகம் பின்வாங்குவதில்லை!

இது நீர் உறைவதால் நேரும் கேடன்று. குளிர்காலத்தில் நம் தேங்காயெண்ணெய் புட்டியிலேயே கட்டியாகிவிட, அண்டை வீட்டாரின் கடுகெண்ணெய் இளகியே நிற்பதைக் காண்கிறோமல்லவா? கனியின் உயிரணுக்களைச் சூழ்ந்த மெல்லிய சவ்விலும் கொழுப்புண்டு. வெப்ப நாட்டுக் கனிகளில் அது குளிர்பட்டால் நெகிழ்ச்சி இழக்க, சவ்வு கசிகிறது. தனித்தனியே இருக்க வேண்டிய பொருள்கள் ஒன்றோடொன்று கலந்து, காற்றும் சேரக் கறுப்பு நிறம் தோன்றுகிறது. பழுக்கும் தொழிலும் தடுமாறுகிறது.

இதில் வஞ்சகம் ஒன்றுண்டு. பெட்டிக்குள் இருக்குமளவும் காய் நலமாகவே தோன்றலாம். வெளியே வைத்த பின்னரே குறை வெளிப்படும். ஊரிலிருந்து உறவினர் அரும்பாடுபட்டு அனுப்பிய மாங்காய்களைக் கெடாதிருக்கட்டும் என்று அவ்வாறே உள்ளே அடுக்கிவிட்டால், பின்பு தோலில் குழிகளும் சாம்பல் திட்டுகளும் தோன்றும், ஒருபுறம் பழுத்து மறுபுறம் காயாகவே நிற்கும், மணமும் குன்றும், அழுகலும் விரைவில் பற்றும். நாள் செல்லச் செல்லக் கேடு ஏறும். முற்றியபின் வெயிலில் வைத்தும் பயனில்லை.

ஆதலின் முதலில் வைக்கோலிலோ காகிதத்திலோ வைத்துப் பழுக்கவிடுக. கனிந்த மாம்பழம் குளிரை ஓரளவு பொறுக்கும். அதன்பின் சில நாள் பெட்டியில் வைக்கலாம். பனிக்காலத்தில் வாழைக்காயைச் சன்னலோரம் வையாமல், வெதுவெதுப்பான அறையில் பழுத்த ஆப்பிள் ஒன்றுடன் மூடி வைப்பது நன்று. ஆப்பிள் வெளிவிடும் எத்திலீன் வாயு காயைக் கனிவிக்கும். நன்கு பழுத்த வாழைப்பழம் பெட்டியில் தோல் கறுத்துப் போனால் அதனை எறிந்துவிட வேண்டா. உரித்துப் பாருங்கள், உள்ளே சதை பெரும்பாலும் வெண்மையாகவே இருக்கும்.